பைக்கில் பூத்த பரங்கி

டில்லிபாபு விசைப்படகில் ஒரு வாரம் கடலுக்குப் போய்த் திரும்புவதற்குள், மனைவி மங்கை வளர்த்த பரங்கிக்கொடி அவனுடைய பைக்கின் மேல் ஏறிவிட்டது. பிரேக் பிடியில் பிஞ்சோடு ஒரு பெண்பூ மொட்டு வேறு. வெட்டு என்றான் அவன். வெட்டினால் தெரியும் என்றாள் அவள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

இன்று விடியலில் கத்தரிக்கோலோடு போனவன், பூ விரிந்திருப்பதைப் பார்த்து நெடுநேரம் நின்றான். பிறகு உள்ளே வந்து, தூங்குகிறவளுக்கு எழுதினான்:

“மங்க, கொடிய வெட்டல. பூ மேல பவர் ஹவுஸ் சாம்பல் படிஞ்சிருந்திச்சி, ஊதிட்டேன். இங்க எந்த வண்டு வருது? ஒரு ஆம்பளப் பூவப் பறிச்சி நானே தடவி வுட்டேன். ஆம்பளப் பூ ரெண்டு வுட்டுட்டு மீதிய கிள்ளி சட்டில வெச்சிகீறேன், பஜ்ஜி போடு. மெக்கானிக் ஜெகதீசன் வண்டி எடுக்க வருவான். பைக்கு முழுகாம கீதுன்னு சொல்லி அனுப்பு. நான் பஸ்ல காசிமேடு போறேன்.”

இடமில்லாததால் ஓரத்தில் நெருக்கி எழுதினான்: “உன்னாண்ட நான் இன்னும் பேசல. இது எழுத்து.”

பஸ் ஸ்டாப் வரைக்கும் போனவன் ஓடி வந்து அவளை உலுக்கினான்.

“மங்க! வெயில் ஏறுது. பூவுக்கு ஒரு குடை புடி.”

“பேசிட்டியா?” என்றாள் மங்கை, கண்ணைத் திறக்காமல்.