நாற்பத்தொன்றாம் எண் சேலை

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதல் பார்த்ததைப் பார்த்தபடி, கேட்டதைக் கேட்டபடி எழுதுவேன். பயந்தால் பயந்தேன் என்றே எழுதுவேன்.

அம்மாவுக்கு மனநல மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. பள்ளி விட்டதும் அங்கே போய்த் துணி மூட்டை மேல் உட்கார்ந்து படிப்பேன். நூற்றைம்பது வருஷக் கட்டடம். பூட்டிய குளியலறையில் சிரிப்பு, ஆளில்லாத அறையில் தாலாட்டு என்று எத்தனையோ கதைகள். ஆனால் இன்று இஸ்திரி அக்கா சொன்னதுதான் உச்சம். நோயாளிகளின் துணியில் எண் தைத்திருக்கும். 41 பத்து வருஷமாகவே பட்டியலில் இல்லை. ஆனாலும் செவ்வாய்தோறும் 41 தைத்த சேலை அழுக்குக்கு வருகிறதாம்!

"செத்துட்டாங்களாக்கா?"

"பட்டியல்ல இல்லன்னா பேய்தானே? கிழக்கு வராந்தா பக்கம் போயிடாத, பிடிச்சுக்கும்."

அம்மா அவளை முறைத்தாள்.

ஜூன் 10

சேலை வந்தது. நானே பார்த்தேன். ஓரத்தில் டீக்கறை. பேய் டீ குடிக்குமா?

ஜூன் 12

பள்ளிச் சுவர்ப் பத்திரிகையில் கிழக்கு வராந்தாவின் 41-ஆம் எண் பேயைப் பற்றி என் கட்டுரை! மருத்துவமனை மேலாளரின் மகள் என் வகுப்புதான். "அப்பாகிட்ட காட்டறேன்" என்று முழுதும் எழுதிக்கொண்டு போனாள்.

ஜூன் 16

எப்படி எழுதுவேன்?

மேலாளர் கிழக்கு வராந்தா அறையைத் திறந்து பார்த்திருக்கிறார். பேய் இல்லை. ஒரு பெண். குணமாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று பத்து வருஷத்துக்கு முன்பே பட்டியலில் பேரை அடித்துவிட்டார்கள். அழைத்துப்போக வேண்டிய அண்ணன் வரவே இல்லை. அதனால் நர்சுகளும் சலவைக்காரர்களும் மறைத்து வைத்துச் சோறு போட்டிருக்கிறார்கள். யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமலிருக்க அவர்களே கட்டிய கதைதான் பேய்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா எழுதிடுவியேடி! நோட்டும் கையுமாத்தானே திரியறே?"

"அந்த நம்பரையாவது பிரிச்சிருக்கலாமே..."

"பிரிச்சா அவ சேலை அவகிட்ட எப்படித் திரும்பிப் போகும்? வெள்ளிக்குள்ள வெளியே அனுப்பணுமாம். எங்கடி போவா அவ?"

நான் பொய் எழுதவில்லை. சேலை உண்மை, எண் உண்மை. ஆனால் பேய் என்றேனே — பார்த்தேனா? ஒரு தடவை போய்க் கதவைத் தட்டியிருந்தால்?

ஜூன் 17

மேலாளர் அறைக்குத் தனியாகப் போனேன். பயந்தேன். தப்பு என்னுடையது, அவங்களை அனுப்பாதீங்க என்றேன்.

"பேரில்லாத ஆளை வச்சுக்க எனக்கு அதிகாரமில்லம்மா. யாராவது பொறுப்பேத்துக் கையெழுத்துப் போடட்டும்."

"சொந்தக்காரங்கதான் போடணுமா சார்?"

"அப்படி ஒண்ணும் இல்ல."

ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். "நம்ம ரெண்டு பேருக்கே இடம் பத்தல" என்றாள்.

ஜூன் 18

அம்மா உட்காரவே இல்லை. ஒரே பாத்திரத்தை மூன்று தடவை தேய்த்தாள்.

ஜூன் 20, வெள்ளி

அம்மா கையெழுத்துப் போட்டாள். "பேயை வீட்டுக்கே கூட்டிட்டுப் போறீங்களாக்கும்!" என்று இஸ்திரி அக்கா சிரித்தாள், உடனே மூக்கைச் சிந்தினாள்.

வீட்டில் கட்டில் பெரியம்மாவுக்கு (அப்படித்தான் அவரைக் கூப்பிடுகிறேன்), தரை எனக்கு.

"எழுதினது நீதானா?" என்று கேட்டார்.

"ஆமா பெரியம்மா. மன்னிச்சிடுங்க."

"பேய்க்குக் கால் இருக்காதே. பாத்துட்டு எழுதக் கூடாதா?" என்று பாதத்தை நீட்டிக் காட்டினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அங்கே இரவு முழுக்க விளக்கு எரியுமாம். சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்குமாம். இங்கே கட்டில் பக்கத்திலேயே இருக்கிறது. "நான் அணைக்கலாமா?" என்று கேட்டார். அணைத்தார். போட்டார். மறுபடி அணைத்தார், போட்டார். நான் எழுதுற இந்தப் பக்கம் முடியட்டும் பெரியம்மா என்றேன். சுவிட்சில் விரலை வைத்தபடி காத்திருக்கிறார்.

அணைத்துவிட்டார்.