முன்னால் போனவன் கால்

17-1-59 சனி

பனி. காதுக்குள் காற்று. காலண்டர் சீசன் முடிந்து பிரஸ்ஸில் நாலு நாள் லீவு. வருசத்தில் இது ஒன்றுதான் லீவு.

எடுத்துப் போனது: பிள்ளைக்கு ஸ்வெட்டர் (இரவல்), சேவு ஒரு பொட்டலம், மத்தாப்பு ரெண்டு பெட்டி, முதலாளி கொடுத்த இந்த டைரி.

சாத்தூர் பஸ், விளாத்திகுளம் பஸ், அப்புறம் வேம்பார். மூன்றிலும் நின்றுகொண்டே. வீட்டுக்காரி பாக்கியம் வழியெல்லாம் அண்ணன் புராணம். மச்சான் சங்கரலிங்கம் அங்கே உப்பளத்தில் மேஸ்திரி. போய்ப் பதினாலு வருசம். பிறந்தது எங்களை மாதிரி கரிசல் காட்டில். பேச்சு மட்டும் கடலுக்குள் பிறந்தவர் மாதிரி.

“சிவகாசியில நீங்க திங்கிறது மீனா மாப்ள? மூணு நாள் பொணம். நாளைக்கு நானே வலை வீசிப் பிடிச்சுத் தாரேன், பாருங்க.”

சரி என்றேன். எனக்கும் ஆசைதான். முப்பத்து நாலு வயசில் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கினதில்லை.

அத்தை மகன், மாமன் மகன் என்று வீடு நிறைய ஆள். படுக்க இடம் கதவோரம்.

19-1-59 திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஆளுக்கொன்று சொல்வார்கள்.

ஞாயிறு காலை ஏழு மணி. ஆறு கடலில் சேரும் இடம். கலங்கல் தண்ணீர், முழங்கால் ஆழம், அடியில் சேறும் மணலும். பாக்கியமும் பிள்ளையும் கரையில். மச்சான் தோளில் வீச்சு வலை. என் கையில் மீன் போட ஓலைப் பெட்டி.

“நீங்க முன்னால போங்க மாப்ள. நான் வலையோட பின்னால வாரேன்.”

போனேன். சேறு குழைத்த தொளி வயலில் நடக்கிற மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்தேன். எனக்கு அதுதானே தெரியும். அவர் என் கால் பட்ட இடத்திலேயே கால் வைத்து வந்தார். திரும்பிப் பார்த்தபோது கவனித்தேன். சேறு பழகாதவர் என்று சிரிப்புகூட வந்தது.

நாற்பது ஐம்பது அடி போயிருப்போம். காலடியில் ஏதோ மெத்தென்று நெளிந்தது. தட்டு மாதிரி. அடுத்த நொடி வலது பாதத்தின் மேல், பெருவிரலுக்குக் கீழே சுளீர் என்று ஒரு அடி. கத்தியால் குத்தி இழுத்த மாதிரி. தண்ணீர் சிவந்தது.

முன்னே பட்டாசு ஆபீசில் இருந்தபோது கை வெந்திருக்கிறது. அது சூடு. இது வேறு. எலும்புக்குள் ஏறி, கணுக்கால், முழங்கால், தொடை என்று மேலே மேலே. கரைக்கு வருவதற்குள் வாந்தி.

மச்சான் செய்தது:
துண்டைக் கிழித்து முழங்காலுக்குக் கீழ் இறுக்கிக் கட்டு. கால் நீலமாகப் போச்சு.
வாய்ப் புகையிலையைத் துப்பி அப்பினார்.
அதன் மேல் சுண்ணாம்பு.
“திருக்கை மீனுதான் மாப்ள. ஒண்ணுமில்ல. இந்தா போயிரும்.”

போகவில்லை. கூடிற்று. பல்லைக் கடித்ததில் உதடு கிழிந்தது. பிள்ளை என் முகத்தைப் பார்த்து அழுதது.

கரையில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, பேர் அந்தோணியம்மா, ஓடி வந்தது. முதலில் கட்டை அவிழ்த்தது. சுண்ணாம்பையும் புகையிலையையும் கடல் தண்ணீரால் கழுவியது. “ஏன் இப்பிடிப் போட்டு அப்பி வச்சிருக்கீக?” குடிசையில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அதை ஒரு சட்டியில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, தன் கையை விட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, காலை இதுக்குள்ள வையி. பொறுக்கிற சூடு. ஆறுனா மாத்துவேன்” என்றது.

வைத்தேன். பத்து நிமிசம் இருக்கும். வலி தொடையில் இருந்து முழங்காலுக்கு இறங்கியது. அப்புறம் கணுக்காலுக்கு. மூச்சு விட முடிந்தது. சாமியே நேரில் வந்த மாதிரி அந்த அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. “போதும், எந்திரிங்க மாப்ள. சுடுதண்ணி பட்டா விசம் தலைக்கு ஏறிரும். இவுக சொல்றத எல்லாம் கேட்டுக்கிட்டு...”

“ஒரு மணி நேரமாச்சும் வைக்கணும்யா. முள்ளு உள்ள ஒடஞ்சு கெடக்கும். ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போயி ஊசி போடுங்க.”

“முள்ளு எல்லாம் நான் எடுத்தாச்சு.”

எடுக்கவில்லை. காயத்துக்குள் அவர் பார்க்கவே இல்லை. நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சம்பந்தக்காரர், மூத்தவர், நாலு பேர் நிற்கிறார்கள். மரியாதை.

வண்டியில் போட்டு வீட்டுக்கு. பாதி வழியில் வலி திரும்ப ஏறியது. பார்வை பார்க்கிறவர் வந்து வேப்பிலை அடித்தார். மத்தியானம் மீன் குழம்பு. எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

21-1-59 புதன்

வெயில். ஊர் திரும்பி பிரஸ்ஸுக்குப் போயாச்சு. நடக்க முடிகிறது, குதிகாலால்.

என் மிஷின் டிரெடில். மிதித்தால்தான் ஓடும். மிதிக்கிறது வலது கால், நிற்கிறது இடது கால். மாற்றிப் பார்த்தேன். இடதால் மிதித்தால் உடம்புப் பாரம் எல்லாம் புண் காலில். தாளம் தப்பியது. தாள் கோணலாக விழுந்தது. கல்யாணப் பத்திரிகை அறுபது வீண். மாப்பிள்ளை பேர் பாதி, பெண் பேர் பாதி.

ஃபோர்மேன்: “என்னப்பா, கடலுக்குப் போயி மீன் பிடிச்சியா, மீன் ஒன்னயப் பிடிச்சதா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

24-1-59 சனி

வீக்கம் கணுக்கால் வரை. செருப்பு ஏறவில்லை. குளிர் காய்ச்சல். பாக்கியம் அரிசி மாவு கிண்டிப் பத்துப் போட்டாள். மாலையில் பத்தை எடுத்தபோது நாற்றம்.

மச்சானிடமிருந்து கார்டு. கால் ஆறியிருக்கும் என்று நம்புகிறாராம். உப்பு விலை பற்றி நாலு வரி.

மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

26-1-59 திங்கள்

கொடி ஏற்றுகிற நாள். தெருவில் பிள்ளைகளுக்கு மிட்டாய். என்னைக் குதிரை வண்டியில் ஏற்றி ஸ்டேஷன், அங்கிருந்து விருதுநகர், பெரிய ஆஸ்பத்திரி. பாக்கியம் தோளில் சாய்ந்து போனேன். வெட்கம்.

டாக்டர் வயசானவர். முன்னே தூத்துக்குடிப் பக்கம் வேலை பார்த்தவராம். பார்த்ததும், “திருக்கையா? எத்தனை நாள் ஆச்சு?”

“எட்டு நாள்.”

“எட்டு நாள்” என்று அவரும் சொன்னார். வேறு ஏச்சு இல்லை. ஏசியிருக்கலாம்.

மரக்க ஊசி போட்டுக் கீறினார். பாதி மரத்தது, பாதி மரக்கவில்லை. உள்ளேயிருந்து முள் துண்டு ஒன்று. சுண்டுவிரல் நகம் நீளம். இரண்டு பக்கமும் அரம் மாதிரிப் பல். பல் எல்லாம் பின்னோக்கி. அதனால்தான் உள்ளே போனது தானாக வெளியே வராது என்றார். தட்டில் போட்டுக் காட்டினார். இம்புட்டுத்தான்.

தாடை இறுகிப்போகிற இசிவு வராமல் இருக்க ஒரு ஊசி. இன்னும் சில ஊசி. படுக்கை.

29-1-59 வியாழன்

காய்ச்சல் இல்லை. கஞ்சி, ரொட்டி. பக்கத்துக் கட்டிலில் காதர் பாய், இந்த ஊர் கருவாட்டு வியாபாரி. குடலிறக்கம் ஆபரேசன். கருவாடு எடுக்க இருபது வருசமாகக் கடற்கரை ஊர்களுக்குப் போய் வருகிறவர். இருமினால் வலிக்கும் என்று மெதுவாகப் பேசுகிறார். ஆனால் பேச்சை நிறுத்துவதில்லை.

டாக்டர் ரவுண்டில் சொன்னதும் பாய் சொன்னதும். மறந்துபோகும் முன்னே எழுதிக்கொள்கிறேன்:

குத்துப்பட்டதும் கரைக்கு வா. அந்தத் தண்ணீரிலேயே நன்றாகக் கழுவு. மேலாகத் தெரிகிற முள்ளை எடு. நெஞ்சிலோ வயிற்றிலோ நிற்கிற முள்ளைப் பிடுங்காதே, அப்படியே ஆஸ்பத்திரி.
ரத்தம் வந்தால் துணி வைத்து அழுத்து. கயிறு போட்டு இறுக்காதே.
சுடுதண்ணீர். பொறுக்கிற சூடு, கொதிக்கக் கொதிக்க அல்ல. குத்துப்பட்ட கால் சூடு அறியாது, வெந்துபோகும். நல்ல காலை விட்டுப் பார்த்துவிட்டு வை. ஒரு மணி, ஒன்றரை மணி. ஆற ஆற மாற்று.
சுண்ணாம்பு, புகையிலை, சாணி, மண்ணெண்ணெய் ஒன்றும் கூடாது.
வலி போனாலும் ஆஸ்பத்திரி. உள்ளே துண்டு இருக்கும். இசிவு ஊசி.

அந்தோணியம்மா சொன்னதும் இதேதான். பள்ளிக்கூடம் போகாத அம்மா. குத்தின அன்றைக்கே.

30-1-59 வெள்ளி

மத்தியானம் பாயிடம், குத்துப்படாமல் இருக்க என்ன வழி என்று கேட்டேன்.

“காலைத் தூக்கி வைக்கக் கூடாதுங்க. தரையோட தேச்சுக்கிட்டே போகணும். திருக்கை மண்ணுக்குள்ள மூடிக்கிட்டுப் படுத்திருக்கும். கால் தேச்சு வர்ற அதிர்வுல அதுவே விலகிப் போயிரும். மேல மிதிச்சாத்தான் வாலை வீசும். கம்பு ஒண்ணு வச்சு முன்னால குத்திக் குத்திப் பாத்துக்கிட்டும் போவாக. செருப்பு, பூட்சு எல்லாம் அந்த முள்ளுக்குக் காயிதம் மாதிரி.”

“பின்னால வாரவுகளுக்கு?”

“அவுகளுக்கு என்ன பயம்? முன்னால போறவன் மிதிச்ச எடந்தான. அதான் புதுசா வந்த ஆள முன்னால விடவே மாட்டாக. கரையில உள்ளவன்தான் முன்னால போவான்.”

போர்வையை இழுத்துக் கட்டுப் போட்ட காலை மூடினேன்.

“உங்க மச்சான் அங்கன எத்தன வருசமா இருக்காரு?”

“பதினாலு.”

பாய் மேலே விட்டத்தைப் பார்த்தார். “வெந்நி வேணுமான்னு நர்சம்மாகிட்டக் கேளுங்க, எனக்கும் ஒரு டம்ளர்” என்றார். பாய் பேச்சை நிறுத்தினது இன்றைக்குத்தான்.

என் கால் பட்ட இடத்தில் அவர் கால். ஒவ்வொரு அடியும். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன்.

4-2-59 புதன்

வீடு. புண் மூடுகிறது. பெருவிரல் மடங்கவில்லை. நரம்பு போச்சாம். நடக்கலாம், மிதிக்க முடியாது. டாக்டர் சொன்னார், “வேற வேலை பாத்துக்கோப்பா.” வேறு வேலை என்ன, அலமாரியில் அடுக்கியா வைத்திருக்கிறது.

8-2-59 ஞாயிறு

மச்சான் வந்தார். கையில் ஊளி மீன் கருவாடு, பிள்ளைக்குச் சிப்பி மாலை. கட்டுப் போட்ட காலைப் பார்த்துவிட்டு, “என்ன மாப்ள, இம்புட்டுப் பெரிசா ஆயிருச்சு” என்றார். பாக்கியம் காப்பி போட்டாள்.

காப்பி குடிக்கும்வரை பொறுத்தேன். கேட்டேன்.

“மச்சான், திருக்கை கெடக்கிற எடத்துல காலைத் தேச்சு நடக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

டம்ளரைக் கீழே வைத்தார். வைத்த டம்ளரைச் சுற்றினார்.

“தெரியும்.”

“என்னய ஏன் முன்னால போகச் சொன்னீக?”

தெருவில் தீப்பெட்டிக்குக் கட்டுக் குச்சி ஏற்றின வண்டி போகிற சத்தம். அது போய் முடிந்தபிறகு சொன்னார். ரெண்டு வருசத்துக்கு முன்னே அவருக்கும் குத்தியிருக்கிறது. ஆறு சேரும் அதே இடத்தில், இடது கணுக்காலில். வேட்டியை விலக்கிக் காட்டினார். வெள்ளையாகத் தழும்பு. அன்றைக்கும் சுடுதண்ணீர் ஊற்றிக் காப்பாற்றியது அந்தோணியம்மாதான்.

“அன்னைல இருந்து தண்ணிக்குள்ள முன்னால போக எனக்கு உசிரு நடுங்குது மாப்ள. இருந்தாலும் உங்ககிட்ட மீன் பிடிச்சுத் தாரேன்னு வாய்விட்டுட்டேன். எப்பிடிப் பின்வாங்க? ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்.”

“அந்த அம்மாகிட்ட இருந்து என்னய ஏன் இழுத்துக்கிட்டுப் போனீக?”

“அது வெள்ளந்தி. உங்க முன்னாலயே சொல்லிப்பிடும், நான் அன்னைக்கு அழுதத.”

அம்புட்டுத்தான் காரணம். விரோதம் இல்லை, சொத்து இல்லை, பகை இல்லை. அழுததை நான் தெரிந்துகொள்ளக் கூடாது. அதற்கு என் கால். பகைக்காரன் என்றால் மனசு ஆறியிருக்கும்.

எழுந்து அடிக்கலாம் போல இருந்தது. எழுந்திருக்கவே ஆள் வேண்டும். “போயிட்டு வாங்க” என்றேன். சாப்பிடாமல் போனார். கருவாட்டை வைத்துவிட்டுப் போனார். வீடு முழுக்க அந்த வாடை.

9-2-59 திங்கள்

பிரஸ்ஸுக்குப் போனேன், கம்பு ஊன்றி. என் மிஷினில் புது ஆள், ராமையா. நன்றாகவே மிதிக்கிறான். குறை சொல்ல முடியவில்லை. எனக்குத் தாள் மடிக்கிற பக்கம் இடம், பொம்பளையாள்களோடு. முதலாளி நல்ல மனுசன், வேலையை விட்டு நிறுத்தவில்லை. நல்ல மனுசன் என்று எல்லாரும் எனக்கு நாலு தரம் சொன்னார்கள்.

பதினோரு வருசம் ஓட்டின மிஷின். அதன் சத்தத்துக்கு உட்கார்ந்த இடத்தில் வலது தொடை தானாக ஏறி இறங்குகிறது. பக்கத்தில் இருக்கிற அக்கா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஃபோர்மேன் இப்போது கேலி செய்வதில்லை. அது இன்னும் மோசம்.

13-2-59 வெள்ளி

மச்சானிடமிருந்து கார்டு. மன்னிக்கணுமாம். பிரிக்காமல் வைக்கக் கார்டில் வழியில்லை. படித்துத் தொலைத்தேன்.

பாக்கியம் அந்தக் கார்டை எடுத்துப் படித்தாள். “ரெண்டு வருசத்துக்கு முன்னால” என்ற இடம் வந்தபோது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் தழும்பைக் காட்டியபோதும் பார்த்தேன். இரண்டு தரமும் திடுக்கிடல் இல்லை.

கேட்கவில்லை. கேட்கப் பயம்.

15-2-59 ஞாயிறு

வானம் மப்பு. தலை முழுகவில்லை. காலையில் கேட்டுவிட்டேன்.

“ஒங்க அண்ணனுக்குக் குத்துனது ஒனக்கு முன்னாலயே தெரியுமா?”

பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சடையைப் பின்னி முடித்து, ரிப்பன் கட்டி, பிள்ளையை வெளியே விளையாடப் போகச் சொன்னாள்.

“தெரியும். அப்பவே மதினி காயிதம் போட்டிருந்தாக. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு.”

“கரையில உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்த?”

“ஆமா.”

“நான் முன்னால போறதப் பாத்த?”

“பாத்தேன். ஒரு வார்த்தை சொல்லிரலாம்னு எந்திரிச்சேன். சொன்னா உங்க முன்னால அவருக்கு மானம் போயிரும்னு உக்காந்துட்டேன்.”

அழவில்லை. சீப்பில் இருந்த முடியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு, “உங்களுக்குச் சோறு வைக்கவா?” என்றாள்.

வை என்றேன். வைத்தாள். தின்றேன்.