ஆலா தொடாத சாளை

ஒக்டோபர் 14, செவ்வாய்

கண்டி வாவியில் இன்று ஓர் ஆலாவைப் பார்த்தேன். துறைமுகத்தில் திரிய வேண்டிய கடல் பறவைக்கு இந்த மலையில் என்ன வேலை? சந்தையில் மீன் வாங்கும்போது மீன் விற்கும் நசீர் நானாவிடம் சொன்னேன். திருகோணமலைக்காரரான அவர் நம்பவில்லை. ஒரு சாளையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

“எங்கட ஹாபர் பறவதான்!” என்று மீனை வீசினார். ஆலா தாழ வந்து பார்த்தது, தொடவில்லை. பக்கத்திலேயே தண்ணீரில் பாய்ந்து உயிரோடு ஒரு மீனைக் கொத்திக்கொண்டு போனது.

“செத்த மீன் அது திங்காது, தங்கச்சி” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

காலையில் பிடித்தது என்று சத்தியம் செய்து, அதே பெட்டியிலிருந்துதான் எனக்கும் அரைக் கிலோ தந்திருந்தார். எல்லா ஆலாவுமே அப்படித்தானா, இல்லை இந்தச் சாளையைத்தான் வேண்டாம் என்றதா?

வீட்டில் எல்லோரும் அந்தச் சாளைக் குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். யார் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்புவார்கள் என்று நான் மட்டும் விழித்துக் காத்திருக்கிறேன்.