செர்ரி மரத்தில் தொங்கும் சிடிகள்

யோரான்,

அடுத்த கோடையில் ஸ்டாக்ஹோமில் நம் பழைய இசைக்குழு மறுபடி மேடையேறுவதாக எழுதியிருக்கிறாய். தாராளமாக ஏறுங்கள். என் தனி ஆல்பத்தின் முதல் பாட்டை ஆங்கிலத்தில் மாற்றி, உன் புது மனைவியைப் பாட வைக்கப் போகிறாயாம். அதற்கு என் சம்மதம் வேண்டுமாம்.

அந்த ஆல்பம் வந்தபோது தொலைக்காட்சியில் நீ சொன்னது நினைவிருக்கிறதா? "ஸ்வீடிஷ்ல இப்படி அழுதா பறவைகூடப் பயந்து ஓடிடும்." ஊரே சிரித்தது. விற்காத சிடிப் பெட்டிகள் எல்லாம் என் விறகுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தன. பறவை ஓடுகிறதா பார்த்துவிடலாம் என்று, சிடிகளை நூலில் கட்டிச் செர்ரி மரத்தில் தொங்கவிட்டேன்.

நேற்று காபி குடிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி குன்வோர் மரத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏண்டி, ஒண்ணுகூடப் பயப்படக் காணோமே! சிடி பக்கத்துலயே உக்காந்து பழத்தத் தின்னுது பாரு."

போகும்போது பெட்டியிலிருந்து ஒரு சிடி கேட்டு வாங்கிப் போனாள். இன்று காலை அவள் ஜன்னலிலிருந்து என் குரல் வந்தது, திரும்பத் திரும்ப.

பாட்டைத் தர மாட்டேன். அது நீ கதவை அறைந்து சாத்திவிட்டுப் போன சத்தத்தில் தொடங்குகிறது. உன் மனைவிக்கு அந்தச் சத்தம் இன்னும் தெரியாது. தெரியவரும்போது என்னிடம் வரச் சொல். அவளுக்குச் சும்மாவே தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பறவையைக்கூட விரட்டத் தெரியாதவள்