பாலில் போகும் அளவு

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

குழந்தைக்குப் பச்சை நிறத்தில் பால் புட்டி வாங்குவதென்று நேற்று கராடி வீட்டில் நம் குடும்பம் ஏகமனதாகத் தீர்மானித்தது. குடும்பம் என்றால் உங்கள் அம்மா. நான் பார்வையாளர்.

என் டாக்டர் எழுதித்தந்த மனச்சோர்வு மாத்திரை தாய்ப்பாலில் இறங்கிவிடும் என்பது அத்தையின் கவலை. எந்த மருந்து பாலில் எவ்வளவு போகும் என்று கணிக்கும் மென்பொருளை எழுதத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். கணக்கிட்டுக் காட்டினேன், மிகமிகக் கொஞ்சம்தான் போகும்.

"கணக்கெல்லாம் ஆபீசோட வெச்சுக்க கண்ணு. கொழந்தை என்ன கம்ப்யூட்டரா?"

மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பதாக அத்தை சொல்லியிருந்தால், அது வெந்நீர் வரக் காத்திருந்ததுதான்.

இன்று விமான் நகரில் குழந்தை டாக்டரைப் பார்த்தோம். அவர் கைபேசியில் எதையோ தட்டிப் பார்த்து, தாராளமாகப் பால் கொடுக்கலாம் என்று இந்தியில் சொன்னார். அத்தைக்கு நான்தான் தமிழில் சொன்னேன். அவர் தட்டியது எங்கள் மென்பொருள்.

ஆட்டோவில் அத்தை, "பாத்தியா, படிச்சவங்க சொன்னாத்தான் நம்பிக்கை வருது" என்றார். ஆமாம் என்றேன்.

மதியம் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். பாப்பா என்னிடம் குடித்துவிட்டுத் தூங்குகிறாள்.

உங்கள்,
பாப்பா அம்மா