திரையில் உன் அப்பா பெயர்

மாப்ள,

இன்று காலை மணலுக்கு நடுவே ஊதுபத்தி வாசம். இந்த அரபு நாட்டு லிவா பாலைவனத்தில் ஒரு சீனப் படக் கம்பெனி புதிதாக வந்திறங்கியிருக்கிறது. கேமராவுக்குச் சிவப்புத் துணி போர்த்தி, மேசையில் பழம் அடுக்கி, டைரக்டரிலிருந்து டீ ஊற்றுகிறவர் வரை ஆளுக்கொரு பத்தியோடு நின்றார்கள். ஜெனரேட்டர் வண்டியில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

நாம் இருவரும் முதல் தடவை இதைப் பார்த்தபோது நீ என் விலாவில் இடித்தாய். "ஏல, இவனுவளும் பூஜை போடுதானுவ பாரு. தேங்கா ஒண்ணுதாம்ல பாக்கி." உன்னிடமும் ஒரு பத்தியை நீட்டினார்கள். நாலு திசைக்கும் கும்பிட்டு முடித்து, பழக்க தோஷத்தில் சிலுவையும் போட்டுக்கொண்டாய். உன்னைப் பார்த்துப் பக்கத்திலிருந்த ரெண்டு சீனர்களும் அதையே செய்தார்கள்.

அதற்கு முன் நமக்குத் தெரிந்ததெல்லாம் அமெரிக்கக்காரர்கள்தான். அங்கே பூஜை கிடையாது, சேஃப்டி மீட்டிங். ஒயர் எங்கே போகிறது, ஐஸ் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தினமும் காலையில் ஒப்பிப்பார்கள். ஒரு நாள் லைட் ஸ்டாண்ட் காற்றில் சாய்ந்தது. நீ ஓடிப்போய்ப் பிடித்தாய். பாராட்டுவார்கள் என்று பார்த்தால், அது உன் டிபார்ட்மென்ட் இல்லை என்று ஓரமாக நிற்கவைத்தார்கள். சீனர்கள் அதற்கு நேர்மாறு. எல்லாவற்றையும் எல்லாரும் தூக்க வேண்டும். டைரக்டரே ஒரு முனையைப் பிடிப்பார். கொளுத்துகிற வெயிலில் ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் குடிப்பார்கள். டூட்டி முடிகிற நேரம் என்று ஒன்று அவர்களிடம் இருந்ததே இல்லை. "அமெரிக்காக்காரன்ட்ட நீ ஒரு ஆணி, சீனாக்காரன்ட்ட நீ ஒரு மாடு. எது ஒசத்தின்னு மாதாதாம்ல சொல்லணும்" என்பாய்.

ஆனால் அமெரிக்கக்காரர்களிடம் ஒன்று இருந்தது. படம் முடிந்து மேலே ஏறுகிற பெயர்களில் டிரைவர், சமையல்காரர், ஜெனரேட்டர் ஆள் எல்லாரும் வருவார்கள். அதற்காகத்தான் நீ அந்த வேலைக்கு நாயாய் அலைந்தாய். எங்கப்பா சினிமாவில் வேலை பார்க்கிறார் என்று தூத்துக்குடியில் பள்ளிக்கூடத்தில் சொல்லி, ஒருவரும் நம்பாமல் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தவள் உன் மகள். "எம் பேர அவ ஒரு தடவ திரையில பாக்கணும்ல. அது போதும்."

படம் வந்தது. லீவு நாளில் மால் தியேட்டருக்குப் போனோம். பெயர்கள் ஓட ஆரம்பித்ததுமே துடைப்பத்தோடு வந்த ஆள், "பாய், கலாஸ், யல்லா" என்று நம்மைக் கிளப்பப் பார்த்தார். நீ கையெடுத்துக் கும்பிட்டு அவரை நிறுத்திவைத்தாய். ஜெனரேட்டர் என்ற வார்த்தைக்கு எதிரே வந்தது உன் அப்பா பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக்கூடாதே என்று அப்பா பெயரைப் போட்டுவைக்கிறோம். ஊரில் உன் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நின்றவர் அங்கே முழுப் பெயராக ஏறிப் போனார். நீ அவருக்கு இனிஷியலாகிவிட்டாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீயும் சிரித்தாய். "கன்னியாகுமரியத் தாண்டாத மனுசன், ஹாலிவுட் போயிட்டாரே!" பிறகு கார் பார்க்கிங்கில் வெகுநேரம் எனக்கு முகம் காட்டாமல் நின்றாய்.

அதனால்தான் சீனப் படத்தில் முந்திக்கொண்டாய். அங்கேயும் முதல் நாளே அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவர்களுக்குக் குடும்பப் பெயர்தான் முதலில். "ரெண்டு தேசமும் எதுலயும் ஒத்துப்போவாது, எங்கப்பன் பேருல மட்டும் ஒத்துப்போச்சு" என்று சலித்துக்கொண்டே, அவர்கள் மேனேஜருக்கு உன் பெயரை வாய்ப்பாடு போல் சொல்லிக்கொடுத்தாய். அவருக்கு அது வாயில் நுழையவில்லை. கடைசியில் மூன்றாக உடைத்து அவர்கள் எழுத்தில் எழுதிக் காட்டினார். நீ அதை ஃபோனில் படம் எடுத்து மகளுக்கும் எனக்கும் அனுப்பினாய்: இப்படித்தான் வரும், பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

படம் வருவதற்குள் நீ போய்விட்டாய். முசஃபா குடோனில் ஜெனரேட்டரை லாரியில் ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. உன் பெட்டியோடு திருவனந்தபுரம் வரை நான் வந்தேன். கார்கோ வாசலில் நின்ற உன் அப்பா, பெட்டி மேல் ஒட்டியிருந்த தாளை விரலால் தடவித் தடவிப் படித்தார். முதலில் பெரிதாக இருந்தது அவர் பெயர்தான். "இது எம் பேருல்லா போட்டிருக்கு. எம் பிள்ள எங்க?" என்று என்னிடம் கேட்டார்.

அப்புறம் சீனப் படம் வந்தது. தனியாகப் போய்ப் பார்த்தேன். கடைசியில் ஓடியதெல்லாம் அவர்கள் எழுத்து. முடிந்தவரை ஃபோனில் பிடித்துக்கொண்டேன். இன்று காலை பூஜை முடிந்ததும், அவர்களோடு வந்திருக்கும் மொழிபெயர்ப்புப் பெண்ணிடம் உன் மூன்றெழுத்தைக் காட்டி, இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பாவம், மறுபடி மறுபடி தேடினாள். பிறகு ஒரே ஒரு வரியைத் தொட்டு, "நோ நேம். ஒன்லி கம்பெனி" என்றாள். இங்கே வேலை பார்த்த நம் அத்தனை பேருக்கும் சேர்த்து, வாடகைக்கு வண்டி விட்டவர்களின் பெயர் மட்டும்தான் இருந்தது.

உன் மகள் ஃபோன் பண்ணும்போதெல்லாம் கேட்கிறாள், "மாமா, அப்பா பேரு வந்துச்சா?" இன்றைக்கும் கேட்பாள். மாப்ள, காலம் ஆற்றும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை. அந்த மூன்றெழுத்தை மட்டும் ஃபோனில் அழிக்காமல் வைத்திருக்கிறேன். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நீ முழுதாய் இருக்கிற இடம் அது ஒன்றுதான்.

பத்தி அணைந்ததும் சிவப்புத் துணியை எடுத்துவிட்டு ஆள் கணக்கெடுத்தார்கள். என் அப்பா பெயரைக் கூப்பிட்டார்கள். நான் கை தூக்கினேன்.