கழற்றச் சொன்ன தாலி

ஹோர்சன்ஸ்
12.4.1986

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அன்பின் பவளத்துக்கு,

நான் சுகம். நீரும் பிள்ளை விக்ரோரியாவும் சுகமென நம்புகிறேன். களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை வழமைபோல நடக்கிறது. உயிர்த்த ஞாயிறுக்கு வரவில்லையென்று கோபிக்க வேண்டாம், புதுச் சபையில் உபவாசம் இருந்தது.

போன கிழமை டெலிபோனில் பிள்ளையிடம், "செபம் சொன்னனியோ?" என்று கேட்டேன். "நை" என்றாள். எட்டு வயதில் தகப்பனுக்கு டேனிஷில் பதில்!

போதகர் லோரன்ஸ் ஒரு சரித்திரம் சொன்னார். பியூரிட்டன்கள் என்ற சுத்த விசுவாசிகள், அரசனின் கோயிலோடு ஒத்துப்போக முடியாமல் இங்கிலாந்திலிருந்து ஒல்லாந்துக்கு ஓடினார்களாம். அங்கே பிள்ளைகள் ஒல்லாந்தராக மாறத் தொடங்கியதும், கப்பலேறி அமெரிக்கா போய்த் தங்களுக்கென்று ஓர் ஊர் கட்டினார்களாம். டென்மார்க்தான் எங்களுடைய ஒல்லாந்து. சபையில் எங்களோடு சேர்த்து ஒன்பது குடும்பங்கள் கப்பலில் அமெரிக்கா புறப்படுகின்றன. எங்கள் மூவருடைய பெயரையும் கொடுத்துவிட்டேன்.

கிறிஸ்துநாயகம்


அல்பர்ட்ஸ்லுண்ட்
19.4.1986

இயேசு மரி சூசை துணை

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தின் மேலே இந்த மூன்று பெயரையும் காணவில்லை. ஏழு மாதத்துக்கு முன் வேலைக்கென்று போகும்போது கூட்டிக்கொண்டுதானே போனீர்கள்? எந்த ஸ்டேசனில் இறக்கிவிட்டீர்கள்?

பெயர் கொடுத்துவிட்டீர்களாம். யாரைக் கேட்டு? ஆழமறியாமல் காலை விடாதே என்பார்கள். நீங்கள் குடும்பத்தையே விடப் பார்க்கிறீர்கள். விசா இல்லாமல் சரக்குக் கப்பலில்தானே ஒளித்துப் போகப்போகிறீர்கள்? எனக்குக் கப்பல் தெரியும். ஜெர்மன் கரையிலிருந்து கெட்சர் துறைக்கு வந்த அந்த இரண்டு மணித்தியாலத்தில் பிள்ளை என் மடியில் ஆறு தரம் சத்தி எடுத்தாள். முன்னமே வந்து சேர்ந்துவிட்ட உங்களுக்கு அது எங்கே தெரியும்?

உங்கள் பியூரிட்டன்களைப் பற்றி நூலகத்தில் ஒரு புத்தகம் இருந்தது. பிள்ளை டேனிஷில் வாசித்துத் தமிழில் சொன்னாள். அந்தக் கப்பலில் போனவர்களில் பாதிப் பேர் முதல் குளிருக்குள்ளேயே செத்துப்போனார்களாம். பிறகு வந்தவர்கள், தங்களோடு ஒத்துப்போகாதவர்களை ஊரைவிட்டே துரத்தினார்களாம். போதகர் இதையெல்லாம் சொல்லவில்லையோ?

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். பிள்ளை, ஊரில்போல ஆமி வந்து தட்டாத ஒரு வீட்டில் நித்திரை கொள்கிறாள். இதைவிட்டு நான் எங்கும் வரமாட்டேன். எனக்கு மெத்தக் கோபம். என்றாலும் அடுத்த சனிக்கிழமை வாருங்கள், மீன் குழம்பு வைக்கிறேன். இருந்து கதைப்போம்.

கோபத்தோடும் அன்போடும்,
பவளராணி


ஹோர்சன்ஸ்
3.5.1986

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

பவளராணிக்கு,

உம்முடைய கடிதத்தைச் சபையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். "கழுத்தில விக்கிரகத்தைக் கட்டிக்கொண்டு இருக்கிறவவிட்டயிருந்து வேறென்ன வரும்?" என்று போதகர் கேட்டார். உம்முடைய தாலியில் புறா உருவம் இருக்கிறது. கப்பலேறுமுன் பெண்கள் எல்லாரும் தாலியைக் கழற்ற வேண்டும். மற்ற எட்டுப் பெண்களும் கழற்றிவிட்டார்கள். நீரும் கழற்றும். இது புருஷனின் கட்டளை.

17ஆம் திகதி சனிக்கிழமை வருவேன். நீர் வராவிட்டால் பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு போவேன்.

கிறிஸ்துநாயகம்


அல்பர்ட்ஸ்லுண்ட்
10.5.1986

இயேசு மரி சூசை துணை

திரு. கிறிஸ்துநாயகம் அவர்களுக்கு,

மீன் குழம்புக்குக் கூப்பிட்டு எழுதியதையும் சபையில் வாசித்தீர்களா? எட்டுக் குடும்பமும் கேட்டுச் சிரித்ததா? பெண்சாதி எழுதியதை ஊர் நடுவில் வாசிக்கிற மனிதனோடுதான் பத்து வருடம் வாழ்ந்தேனென்று நினைக்க எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அந்தப் புறா பரிசுத்த ஆவி. வேதம் படித்த உங்கள் போதகருக்கு அது தெரியாதா? கோயிலில் அதை என் கழுத்தில் கட்டிய உங்களுக்கும் மறந்துபோயிற்றா? ஊரில் செக்பொயின்ற் செக்பொயின்றாக அந்தத் தாலியைப் பிள்ளையின் சட்டை விளிம்புக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவந்தேன். ஆமிக்காரனே பறிக்காததை நீங்கள் கழற்றச் சொல்கிறீர்கள்.

சரி. வியாழக்கிழமை சமையலறையில் நின்று கழற்றினேன். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உங்கள் கட்டளை நிறைவேறியது என்று சபையில் வாசியுங்கள்.

பிள்ளையைக் கேட்டு யாரும் வந்தால் விட வேண்டாமென்று பள்ளிக்கூட ரீச்சரிடம் சொல்லிவிட்டேன். அவளுடைய பயணப் புத்தகம் கொமூன் நகரசபை அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது. 17ஆம் திகதி வந்து கதவைத் தட்ட வேண்டாம். திறக்கமாட்டேன்.

இன்னும் ஒன்று. பிள்ளை தமிழை மறந்துவிடுவாள் என்றுதானே கப்பலேறுகிறீர்கள்? என் வெறுங்கழுத்தைப் பார்த்துவிட்டு அவள் தமிழில்தான் கேட்டாள்: "அம்மா, அப்பா செத்துப்போனாரோ?"

நான் இல்லையென்று சொல்லவில்லை.

அந்தோனிமுத்துவின் மகள்,
பவளராணி